படகு வீட்டின் இன்ஜினை மாற்றலாம்... ஏசியை?

“ஓடும்போது குடிக்கிறதைவிட நிற்கும்போதுதான் சாரே இது ஜாஸ்தி குடிக்கும்!”

பேச்சு டீசலைப் பற்றி. பேசியவர் ஆலப்புழையில் மூன்று படுக்கையறை கொண்ட பழைய கெட்டுவள்ளம், அதாவது படகு வீடு, ஒன்றின் உரிமையாளர். போன மழைக்காலத்தில், சீசன் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, படகில் இருந்த லாரி இன்ஜினைக் கழற்றிக் கரையேற்றிவிட்டுப் பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரைப் பொருத்தினார். ‘புகை இல்லை, சத்தம் இல்லை, டீசல் மிச்சம், இதை எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லித்தான் அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். புகையும் சத்தமும் இல்லை என்பது பகல் பொழுது வரைக்கும் உண்மை. டீசல் மிச்சம் என்பதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் படகு வீட்டின் நேர அட்டவணை தெரிந்ததுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏறுகிறோம். கரிமீன் பொரியலோடு சாப்பாடு போடுவதற்காக ஏதாவது தென்னந்தோப்புக் கரையில் ஒரு மணி நேரம் கட்டிப்போடுவார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் மீனவர்கள் வலை விரிப்பதால் ஓட்டக் கூடாது. மறுநாள் காலை ஒரு சின்னச் சுற்று, ஒன்பது மணிக்கு இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஆக, இருபத்தோரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்கிறோம். கிளம்பவும் கட்டவும் ஆகும் நேரம் போகப் படகு நிஜமாக நகர்வது நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் நாலரை. மற்ற நேரமெல்லாம் அது கரையில் கட்டிய வீடுதான்.

அந்த நாலு மணி நேரத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும்? அறுபது, எழுபது அடிப் படகை மணிக்கு 7, 8 கிலோமீட்டரில் தள்ள 8 கிலோவாட், அதாவது பதினொரு குதிரைத்திறன் இருந்தால் ஏறக்குறையப் போதும் என்கிறார் மோட்டார் பொருத்திய மெக்கானிக். இத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்தது நூறு குதிரைத்திறனை ஒட்டிய லாரி இன்ஜின்! மலைச்சரிவில் பத்து டன் சரக்கு ஏற்றிப்போக வடிவமைத்த இன்ஜினை, காயலில் தத்தித் தத்திப் போகும் படகில் மாட்டியதற்கு ஒரே காரணம், அது பழைய இரும்புக்கடை விலைக்குக் கிடைத்ததும், எந்த ஊரிலும் அதற்கு ஸ்பேர் இருப்பதும்தான். வேலை கொடுக்காமல் ஓடவிட்டால் டீசல் இன்ஜினுக்கு ஆகாது. எண்ணெய் முழுதாக எரியாது, கரி படியும், புகை கறுக்கும். படகு வீடுகளின் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் மிதக்கும் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பங்கு இன்ஜினிலிருந்து சொட்டி, படகின் அடிவயிற்றுத் தண்ணீரோடு கலந்து, பம்ப் வழியாகக் காயலுக்கு வந்த ஆயில்.

வேகத்துக்கும் சக்திக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டால் இந்தப் படகுகளுக்கு ஏன் சின்ன மோட்டார் போதும் என்பது விளங்கும். தண்ணீரில் வேகம் கூடக்கூட, தேவைப்படும் சக்தி ஏறக்குறைய அதன் மும்மடிப் பெருக்கில் எகிறும். மணிக்கு 10 கிலோமீட்டரில் போகிறவர் 8-க்கு இறங்கினால் செலவு பாதியாகிவிடும். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோன காலத்தில் இதே வள்ளங்கள் முப்பது டன் வரை ஏற்றிக்கொண்டு போயின. தள்ளியவர்கள் கழுக்கோல் ஊன்றிய இரண்டு மூன்று பேர். காற்று வாய்த்தால் பாய் விரித்தார்கள். ஒரு மனிதன் நாள் முழுக்க விடாமல் செய்யக்கூடிய வேலையின் அளவு 75 வாட் சொச்சம். மூன்று பேரைக் கூட்டினாலும் கால் கிலோவாட் தேறாது. மெதுவாகத்தான் போனார்கள், ஆனால் போய்ச் சேர்ந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் லாரியிடம் சரக்கை இழந்து கரையில் கிடந்த வள்ளங்களுக்குத்தான் கூரை போட்டுச் சுற்றுலாவுக்கு இறக்கினார்கள். சரக்கைப் பறித்த லாரியின் இன்ஜினே பிறகு வள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது தனி வேடிக்கை.

மாற்றுவது எப்படி? வேலை நடந்த பட்டறை, வாய்க்கால் ஓரமாக ஓலைக் கொட்டகை போட்ட இடம். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் செயின் புளாக்கில் தூக்கி எடுப்பது அரை நாள் வேலை. அதற்குப் பிறகுதான் ஆசாரி உள்ளே இறங்குகிறார். கெட்டுவள்ளத்தில் ஆணி கிடையாது. ஆஞ்சிலிப் பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, இடுக்கில் தேங்காய் நார் திணித்து, கயிற்றால் தைத்து, முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசியிருப்பார்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் வருஷக்கணக்கில் உதறிக்கொண்டிருந்த இடத்தில் தையல் தளர்ந்திருந்தது. கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்து, எங்கே ஓசை மந்தமாக வருகிறதோ அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே போனார். புதுத் தையல் விழுந்த பிறகுதான் மெக்கானிக்கின் முறை.

அவருடைய வேலையில் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, மோட்டாரின் கப்ளிங்கையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கப்ளிங்கையும் நேர் பார்ப்பதை. இரண்டு வட்டத் தகடுகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும்போது, நடுவில் ஃபீலர் கேஜின் மெல்லிய இலைகளைச் செருகி மேலே, கீழே, இடம், வலம் என நாலு பக்கமும் இடைவெளி அளக்கிறார். தகட்டின் விட்டம் எத்தனை அங்குலமோ, அத்தனை ‘தவ்’ வரை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு வரை, வித்தியாசம் இருக்கலாம். நாலு அங்குலத் தகடு என்றால் நாலு தவ், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் மோட்டாரை ஏந்தியிருக்கும் கட்டைக்கு அடியில் ஷிம் தகடு வைத்து மறுபடி ஆரம்பம்.

கரையில் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததைப் படகைத் தண்ணீரில் இறக்கிய மறுநாள் பிரித்துவிட்டு மறுபடி அளந்தார். ஏன் என்று கேட்டேன். “மரம் சாரே. கரையில ஒரு வடிவம், தண்ணியில ஒரு வடிவம்” என்றார். முட்டுக்கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கும்போது வளைந்திருக்கும் உடல், தண்ணீர் தாங்கியதும் நிமிர்ந்து தன் இயல்புக்கு வரும். கரைக் கணக்கை நம்பி ஓட்டினால் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடும். ஷாஃப்ட் வெளியே போகும் ஸ்டெர்ன் டியூபில் பழைய பேக்கிங் கயிற்றை எடுத்துப் புதிது சுற்றி நட்டை இறுக்கினார். ஷாஃப்ட் சுற்றும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிய வேண்டுமாம். முழுக்க வறண்டு போனால்தான் ஆபத்து. பேக்கிங் சூடேறி ஷாஃப்ட்டை அறுக்கும்.

புரொப்பல்லரையும் மாற்றியாக வேண்டும். மின்மோட்டாருக்குக் குறைந்த சுற்றிலேயே முழு முறுக்கு விசை கிடைப்பதால், பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றலாம். சின்னதை வேகமாகச் சுற்றுவதைவிட இதில் சேதாரம் குறைவு. இதற்குள் இன்னொரு சிக்கல் வந்தது. அமரத்தில், அதாவது படகின் பின்கோடியில், கியர் பாக்ஸோடு சேர்த்து அறுநூறு கிலோ அளவுக்கு இருந்த இரும்பு போய்விட்டதால் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. புரொப்பல்லர் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு நெருங்கினால் காற்றை இழுக்கும், நுரைதான் மிஞ்சும். பேட்டரிகளை இன்ஜின் இருந்த அதே இடத்தில் தாழ வைத்து எடையை ஈடுகட்டினார்கள். அடிவயிற்றுத் தண்ணீர் எட்டாத அளவுக்கு மேடை கட்டி, அதன்மேல்.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 45 யூனிட் கொள்ளளவு. முழுக்க வடித்துவிடாமல் எண்பது சதவீதம் எடுத்தால் 36 யூனிட் கையில் நிற்கும். 8 கிலோவாட்டில் நாலு மணி நேரம் ஓட 32 யூனிட். மின்னழுத்தம் 48 வோல்ட்தான். ஈரத்தில் வேலை செய்கிற ஸ்ராங்குக்கு, அதாவது படகோட்டிக்கு, தெரியாமல் கை பட்டாலும் உயிர்ப்பயம் குறைவு என்பதால் இந்தத் தேர்வு. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். 150 ஆம்பியருக்கு மேல் ஓடுவதால் கேபிள் கட்டைவிரல் தடிமனில் இருக்கிறது. ஒரு முனையை அரைகுறையாக முறுக்கியிருந்தாலும் அந்த இடம் பழுத்துவிடும். மேலே பனம்பாயும் மூங்கிலும் வேய்ந்த கூரை, பக்கத்தில் சமையல் சிலிண்டர். எனவே முனைகளை மாதம் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது ஸ்ராங்கின் கடமைப் பட்டியலில் ஏறிவிட்டது.

குளவாழை என்று இங்கே சொல்லப்படும் ஆகாயத்தாமரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர்முக்கம் தடுப்பணை 1976-இல் செயல்பாட்டுக்கு வந்ததிலிருந்து வேம்பநாட்டுக் காயலின் தென்பாதிக்குள் கடல் உப்பு ஏறுவது மட்டுப்பட்டது. நெல்லுக்கு நல்லது. உப்பில் செத்துப்போகும் குளவாழைக்கும் நல்லதாகிவிட்டது. புரொப்பல்லரில் அது சுற்றிக்கொண்டால் டீசல் இன்ஜின் முக்கி முனகிக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். மின்மோட்டாரின் கன்ட்ரோலரோ ஆம்பியர் எகிறியதும் தன்னைக் காத்துக்கொண்டு நின்றுவிடும். பின்னோக்கிச் சுற்றவிட்டால் பாதி அவிழும், மீதிக்குக் கத்தியோடு ஆள்தான் குதிக்க வேண்டும். புது மோட்டாரைப் பற்றி ஸ்ராங்குக்கு இருக்கும் ஒரே புகார் இதுதான். “டீசல்தான் நம்பிக்கை, நடுக்காயலில் நின்றால் யார் வருவார்?” என்று கேட்கும் உரிமையாளர்களும் ஆலப்புழையில் நிறையப் பேர் உண்டு.

இன்ஜின் விவரம் படகின் பதிவுச் சான்றிலேயே இருப்பதால் மாற்றத்துக்குக் காகித வேலையும் உண்டு. மறுபடி சர்வே, எடை மாறியதற்கு மறுபடி நிலைப்புக் கணக்கு. அலைச்சல்தான். ஆனால் 2023 மே மாதம் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாவுக்கு மாற்றப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அலைச்சலைக் குறைசொல்லத் தோன்றாது.

இனி ஏசிக்கு வருவோம்.

சாதாரணக் கட்டண அறைகளில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ஏசி. ஒன்பது மணி நேரம், மூன்று அறை, அறைக்கு மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் 27 யூனிட். நாள் பூராவும் படகை ஓட்டுவதற்கே 32 தான்! ‘இருபத்துநாலு மணி நேர ஏசி’ என்று விளம்பரம் செய்யும் படகுகளில் இது ஓட்டத்தைத் தாண்டி எங்கேயோ போய்விடும். ஏசிக்கான மின்சாரத்தைக் கொடுப்பது டீசல் ஜெனரேட்டர். சுமை குறைந்த நேரத்திலும் மணிக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ராத்திரிக்குப் பதின்மூன்றரை லிட்டர். பழைய இன்ஜின் பகல் ஓட்டத்துக்குக் குடித்தது மணிக்கு மூன்று லிட்டர் வீதம் பன்னிரண்டு. உரிமையாளர் முதலில் சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

மோட்டாருக்குப் பேட்டரி வாங்கியவர் தூக்கத்துக்கும் சேர்த்து வாங்குவதென்றால் கொள்ளளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். மொத்தச் செலவில் பெரும்பங்கே பேட்டரிதான் என்பதால் அது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஜெனரேட்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. காலையில் ஒரு குடும்பம் இறங்கி முடிக்க ஒன்பதரை ஆகிவிடும், பன்னிரண்டுக்கு அடுத்தது ஏறும். இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்தில் 32 யூனிட் ஏற்ற 13 கிலோவாட் இணைப்பு வேண்டும். அவருடைய படித்துறையில் அது இல்லை. அதனால் சீசன் நாட்களில் ராத்திரி ஏசிக்காக ஓடும் ஜெனரேட்டரே பேட்டரியையும் நிரப்புகிறது! பகலில் பாதிராமணல் தீவைச் சுற்றிச் சத்தமில்லாமல் போகிற ‘பசுமை’ப் படகு, முந்தின இரவு கைனகரிக் கரையில் எரித்த டீசலில் போகிறது.

இதிலும் லாபம் உண்டு என்று மெக்கானிக் விடாமல் வாதிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரைச்சுமையில் அசமந்தமாக ஓடிய ஜெனரேட்டருக்கு இப்போது முறையான சுமை கிடைக்கிறது, யூனிட்டுக்கு ஆகும் டீசல் குறைகிறது. இன்ஜினும் ஜெனரேட்டரும் சேர்ந்து 25 லிட்டர் குடித்த இடத்தில் இப்போது 20. அஞ்சு லிட்டர் மிச்சம். இதற்காகவா இத்தனை லட்சம்?

வெற்றிக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டுவது வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 ஜனவரியிலிருந்து ஓடும் ‘ஆதித்யா’ படகை. 75 பேர் உட்காரலாம், கூரையில் 20 கிலோவாட் சோலார் தகடுகள். பிரமாதமாக ஓடுகிறது. ஆனால் அது சோலாருக்கென்றே தட்டையான கூரையோடு, இரட்டை உடலோடு புதிதாகக் கட்டியது. முக்கியமாக, அதில் யாரும் தூங்குவதில்லை. கெட்டுவள்ளத்தின் வளைந்த கூரையில் அழகைக் கெடுக்காமல் 5 கிலோவாட் தகடு பொருத்தினாலே பெரிது. நல்ல வெயிலில் நாளைக்கு 20 யூனிட் தரும், ஆடி மழையில் அதில் பாதி. மூன்று ஏசிகளின் ஓர் இரவுக்கே போதாது. 2023-இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளில் ஏசி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, போகிற இடத்தில் சார்ஜரும் இருக்கிறது.

ஏசி வந்ததால் படகின் உடலே மாறிவிட்டது என்பதுதான் என்னை உறுத்துவது. பனம்பாய்ச் சுவருக்குள் ஏசி நிற்காது. எனவே பிளைவுட் அடித்தார்கள், கண்ணாடி பதித்தார்கள், இடுக்குகளை அடைத்தார்கள். காயல் காற்று உள்ளே வர வழியில்லாமல் போனதும் அறை வெந்தது, ஏசி இல்லாமல் படுக்க முடியாமல் போனது. பிறகு மேல்தளம், அங்கே ஒரு ஹால், அதற்கும் ஏசி. எடை மேலே ஏறினால் படகு ஆடும். சுவர் உயர்ந்தால் பக்கக்காற்று அதில் மோதித் தள்ளும். வேம்பநாட்டின் திறந்த வெளியில் அந்தக் காற்றை எதிர்த்துத் திருப்ப 8 கிலோவாட் பற்றாது, பெரிய மோட்டார், பெரிய பேட்டரி. மாற்றும் செலவு ஏறுவதற்கு மூலகாரணம் தண்ணீருக்கு மேலே இருக்கிறது. ஒரு தளப் படகுக்கு மோட்டார் மாற்றிய நம் உரிமையாளர் பிழைத்தார்.

ராத்திரி படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் கரையில் நடந்தால் இன்னொன்று புரியும். நம் அறைக்குள் நம் ஜெனரேட்டர் சத்தம் அவ்வளவாகக் கேட்காது, பக்கத்துப் படகுக்காரரின் காதில்தான் விழும். அவருடையது நமக்கு. புகைக்குழாய் தண்ணீரை ஒட்டி இருப்பதால் காற்றில்லாத இரவில் புகை கலையாமல் நிற்கும். அதில் கார்பன் மோனாக்சைடும் உண்டு. வாசனை இல்லாத வாயு. அமெரிக்காவின் பவல் ஏரியில் 2000-ஆம் ஆண்டு படகு வீட்டின் பின்புறம் நீந்திக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் ஜெனரேட்டர் புகையால் இறந்த பிறகுதான் அங்கே புகைக்குழாயின் இடத்தையே மாற்றச் சொல்லிக் கிளம்பினார்கள். அங்கே இருந்தவை பெட்ரோல் ஜெனரேட்டர்கள். டீசலில் அந்த வாயு குறைவுதான், இல்லாமல் போய்விடாது. நம் குழந்தைகள் படகின் பின்படியில் காலைத் தண்ணீரில் விட்டு உட்காரும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

இரவு கட்டும் கரையிலேயே மின்கம்பம் நட்டு, மீட்டர் வைத்து, படகுக்கு ஒரு பிளக் கொடுத்துவிட்டால் ஏசியும் ஓடும், பேட்டரியும் நிறையும். ஒன்பது மணி நேரத்தில் 59 யூனிட். படகுக்கு 6, 7 கிலோவாட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிய டீசலில் இதே வேலைக்கு 1,800 ரூபாய். ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் இருக்கும் இடத்தில், கரை கரையாகச் சேற்றுவரப்பின் மேல் மூன்று ஃபேஸ் லைன் இழுக்க வேண்டும். படகு முதலாளி கரைக்காரரைக் கைகாட்டுகிறார், கரைக்காரர் அரசைக் கைகாட்டுகிறார். அதுவரை ஒவ்வொரு படகும் தன் மின்நிலையத்தைத் தானே சுமந்துகொண்டு போகும்.

படகு முன்பதிவு செய்யும் ஏஜென்டிடம் பேசிப் பார்த்தேன். ஓடுவது டீசலா பேட்டரியா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? சிரித்தார். போனில் வரும் முதல் கேள்வியே “ஏசி ராத்திரி மட்டுமா, முழு நேரமுமா?” என்பதுதானாம். சென்னை, கோவை எண்கள் என்றால் கேட்காமலேயே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஆலப்புழையில் வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் விடியற்காலையில் போர்வை தேடுவோம். ஏசி படகுக்கு வாடகை உச்சத்தில் இருப்பதும், ஜெனரேட்டர்கள் அத்தனையும் ஓடுவதும் அந்த மாதங்களில்தான்.